தில்லித் தமிழர் நினைவுக் குறிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தில்லியில் வாழ்ந்து மறைந்த தமிழர்களைப் பற்றிய நினைவுக் குறிப்புகளை எங்கள் குடியிருப்பு வட்டத்துச் சிற்றிதழுக்காகப் பல ஆண்டுகளாக எழுதியும், பிறர் எழுதி அனுப்புவதைச் சரிபார்த்தும் வருகிறேன். துக்க வீட்டிலிருந்து பேசுகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அந்த நேரத்தில் தொலைபேசியில் விளக்கிச் சொல்ல எனக்கும் முடிவதில்லை, கேட்டுக்கொள்ளும் நிலையில் அவர்களும் இருப்பதில்லை என்பதால் பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

குறிப்பிடத்தக்கவர் என்று யாரைக் கொள்கிறீர்கள்? உயர்பதவியில் இருந்தவர்களை மட்டுமா?

உயர்பதவியில் இருந்தவர்களைப் பற்றி நாம் எழுதாவிட்டாலும் நாடு எழுதும். முன்னாள் குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் 2009 ஜனவரி 27 அன்று தில்லியில் காலமானபோதும், பாதுகாப்புத் துறை அறிஞர் கே. சுப்ரமண்யம் 2011 பிப்ரவரியில் மறைந்தபோதும் நாளேடுகள் பக்கம் பக்கமாக எழுதின. அவர்களுடைய வாழ்க்கை வரலாறு அரசு ஆவணங்களில் இருக்கிறது. ஆனால் ஆர்.கே.புரத்து மலை மந்திரில் சுவாமிநாத சுவாமி கோயில் எழும்பி, 1973 ஜூன் 7 அன்று குடமுழுக்கு நடக்கும் வரை, மாலையில் அலுவலகம் விட்டதும் சைக்கிளில் ஏறி வீடு வீடாகச் சென்று இரண்டும் ஐந்துமாக நன்கொடை வாங்கி, ரசீது எழுதிக் கொடுத்த குமாஸ்தாக்களைப் பற்றி எந்த நாளேடும் எழுதியதில்லை. தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிகளுள் ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்குச் சொல்லிக் கொடுத்த ஆசிரியை, கரோல் பாக்கில் மெஸ் நடத்தி, வேலை தேடி வந்த பையன்களுக்கு முதல் சம்பளம் வரும் வரை கணக்கெழுதாமல் சோறு போட்டவர், நள்ளிரவில் அழைத்தாலும் நிகம்போத் காட் சுடுகாட்டுக்கு உடன் வந்து எல்லா ஏற்பாடுகளையும் முன்னின்று செய்தவர் ஆகியோரும் எங்கள் பார்வையில் குறிப்பிடத்தக்கவர்களே.

நான் எனக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இவர் இங்கே வந்திராவிட்டால், தில்லித் தமிழர் வாழ்வில் எந்தக் காரியம் நடவாமலே போயிருக்கும்? அதற்கு ஒரு வரியிலாவது பதில் கிடைத்தால் குறிப்பு எழுதுகிறோம்.

பணி ஓய்வுக்குப் பின் ஊருக்குத் திரும்பி, அங்கே காலமானவரைத் தில்லிக்காரராகக் கொள்ளலாமா?

கட்டாயம் கொள்ள வேண்டும். தில்லித் தமிழர்களின் நினைவு அறுந்து போவதே இந்த இடத்தில்தான். அரசுக் குவார்ட்டர்ஸில் முப்பத்தைந்து ஆண்டு வாழ்ந்தவர் ஓய்வு பெற்றதும் வீட்டைக் காலி செய்துவிட்டுச் சென்னைக்கோ கும்பகோணத்துக்கோ போய்விடுகிறார். பத்தாண்டு கழித்து அவர் இறக்கும்போது உள்ளூர்க்காரர்களுக்கு அவர் "டெல்லியிலிருந்து வந்தவர்", தில்லியிலோ அவரை அறிந்த தலைமுறையும் கலைந்திருக்கும். இரண்டு ஊரிலும் அவரைப் பற்றி எழுத ஆள் இருப்பதில்லை.

எழுத்தாளர்களுக்கும் இதே நிலைதான். க.நா. சுப்ரமண்யம் 1988 டிசம்பரில் தில்லியிலேயே காலமானார். ஆதவனோ தில்லியின் அலுவலகங்களையும் பேருந்துகளையும் நடுத்தர வர்க்கத்து இளைஞர்களையும் எழுதியவர். ஆனால் பணி மாற்றத்தில் பெங்களூருக்குச் சென்று, 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆற்றில் மூழ்கி இறந்தார். வெங்கட் சாமிநாதன் தம் பணிக்காலத்தின் பெரும்பகுதியைத் தில்லியில் கழித்தவர். 2015இல் பெங்களூரில் மறைந்தார். இறந்த ஊரை வைத்துக் கணக்கெடுத்தால் இவர்களுள் இருவர் நம் பட்டியலில் வரவே மாட்டார்கள். 1965இல் தில்லியிலிருந்து கணையாழி இதழைத் தொடங்கிய கஸ்தூரிரங்கனும் பின்னாளில் சென்னைக்குப் போனவர்தாம். எனவே எத்தனை ஆண்டு இங்கே இருந்தார் என்று நாங்கள் கேட்பதில்லை. இங்கே இருந்தபோது என்ன செய்தார் என்றுதான் கேட்கிறோம்.

"பண்பாளர், பரோபகாரி, எல்லாரிடமும் அன்பாகப் பழகியவர்" என்று எழுதி அனுப்பினால் போதாதா?

போதாது. இந்தச் சொற்கள் பொய்யல்ல. ஆனால் யாருக்கும் பொருந்துபவை என்பதால் அவரைத் தனித்துக் காட்டுவதில்லை. நம் மொழியில் இறந்தவரை நினைத்துப் பாடும் கையறுநிலை என்ற துறை சங்க காலத்திலேயே இருக்கிறது. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடியதை எண்ணிப் பாருங்கள். அவன் கொடையாளி என்று சொல்லி அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. கள் கொஞ்சமாகக் கிடைத்தால் எனக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நான் பாடக் கேட்டுத் தானும் மகிழ்ந்து குடிப்பான் என்கிறார். நரந்தம் மணக்கும் தன் கையால், புலால் நாறும் என் தலையைத் தடவிக் கொடுப்பான் என்கிறார். ஈராயிரம் ஆண்டு கழித்தும் அந்தக் கை நமக்குத் தெரிகிறது.

ஆகவே குடும்பத்தாரிடம் நான் கேட்பது இப்படிப்பட்ட செய்திகளைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் என்ன செய்வார்? ஊரிலிருந்து வரும் ரயிலுக்கு நிலையத்துக்குப் போய் யாரை அழைத்து வருவார்? குளிர்காலத்தில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு மார்கழி பஜனைக்குப் புறப்படும் முன் யார் வீட்டுக் கதவைத் தட்டுவார்? ஒரு முறை, மறைந்த தந்தையைப் பற்றி "சமூக சேவகர்" என்று மட்டும் எழுதிக் கொண்டு வந்த மகளிடம் இவ்வாறு கேட்டபோது, அவர் சற்று யோசித்துவிட்டு, "அப்பா பையில் எப்போதும் நாலைந்து இன்லண்ட் லெட்டர் இருக்கும், எழுதத் தெரியாதவர்கள் பஸ் ஸ்டாப்பிலேயே அவரிடம் கடிதம் எழுதி வாங்கிக் கொள்வார்கள்" என்றார். "சமூக சேவகர்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த வாக்கியத்தைப் போட்டோம்.

காலமானார், இறைவனடி சேர்ந்தார், இயற்கை எய்தினார்: எதை எழுதுவது?

தலைப்பில் எல்லாருக்கும் "காலமானார்" என்றே எழுதுகிறோம். அது எந்தச் சமயத்தாருக்கும் பொருந்தும், யாரையும் உயர்த்தவோ தாழ்த்தவோ செய்யாது. உள்ளே குடும்பத்தார் சொல்லும் சொல்லை அவர்கள் வழக்கப்படியே வைத்துக்கொள்கிறோம். சைவக் குடும்பங்கள் "சிவலோகப் பதவி அடைந்தார்" என்றும், வைணவர்கள் "ஆசார்யன் திருவடி அடைந்தார்" அல்லது "பரமபதித்தார்" என்றும், கிறித்தவர்கள் "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்றும், இஸ்லாமியர்கள் "வஃபாத்தானார்" என்றும் சொல்வார்கள். பகுத்தறிவு இயக்கத்தில் ஈடுபட்டவர்களுக்கு "இயற்கை எய்தினார்" என்பதே முறை.

இதில் தீர்மானிக்கும் உரிமை முதலில் இறந்தவருக்கு, அதன் பிறகே குடும்பத்துக்கு என்பது என் உறுதியான எண்ணம். வாழ்நாள் முழுவதும் கடவுள் மறுப்பாளராக இருந்த ஒருவருக்கு மகன் "இறைவனடி சேர்ந்தார்" என்று எழுதித் தந்தார். நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். உள்ளறையில் படுத்திருந்த அவருடைய மனைவி எழுந்து வந்து, "அவர் இருந்திருந்தா இதுக்கு ஒத்துக்க மாட்டார், மாத்திடுங்க" என்றார். அந்த அம்மாள் தினமும் விளக்கேற்றிக் கும்பிடுகிறவர்.

இன்னொன்று: அடக்கம் செய்தவர்களுக்கு "நல்லடக்கம்" என்றும், எரியூட்டியவர்களுக்குத் "தகனம்" என்றும் எழுத வேண்டும். இரண்டையும் மாற்றிப் போட்டு வரும் குறிப்புகள் அநேகம்.

சான்றிதழில் ஒரு தேதியும் குடும்பத்தார் சொல்வது ஒரு தேதியுமாக இருந்தால்?

இது எப்போதும் வரும் சிக்கல். பின்னிரவு இரண்டு மணிக்கு உயிர் பிரிந்தால், மருத்துவமனை அதை மறுநாள் கணக்கில் எழுதும். ஏனெனில் ஆங்கிலத் தேதி நள்ளிரவில் மாறுகிறது. நம் வீடுகளில் நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம் வரை. ஆகவே "பதினாலாம் தேதி ராத்திரி" என்று வீட்டார் சொல்வதும், 15 என்று சான்றிதழில் இருப்பதும் இரண்டுமே சரிதான். நாங்கள் சான்றிதழில் உள்ளபடி அச்சிட்டு, "15ஆம் தேதி பின்னிரவு" என்று சேர்த்துவிடுகிறோம்.

இறப்பு நிகழ்ந்த 21 நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்பது 1969ஆம் ஆண்டுச் சட்டம். தில்லியில் இடத்தைப் பொறுத்து மாநகராட்சியோ, புது தில்லி நகராட்சி மன்றமோ, கண்டோன்மென்ட் வாரியமோ சான்றிதழ் தரும். அது கைக்கு வந்த பிறகு தேதியையும் பெயரின் எழுத்துகளையும் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஆண்டு நினைவு நாளைப் பொறுத்தவரை, வீட்டில் திவசம் மாதம், பட்சம், திதி பார்த்து நடப்பதால் ஒவ்வோர் ஆண்டும் வேறு தேதியில் வரும். நாங்கள் ஆங்கிலத் தேதிப்படியே வெளியிடுகிறோம். திதியைக் குறிப்பிட விரும்பினால் தனியே எழுதி அனுப்புங்கள்.

பிறந்த ஆண்டு சரியாகத் தெரியவில்லை. என்ன செய்வது?

பழைய தலைமுறையினருக்குப் பள்ளிச் சான்றிதழில் உள்ள பிறந்த தேதி பெரும்பாலும் தலைமையாசிரியர் போட்டது. ஜாதகம் இருந்தால் அதைப் பாருங்கள். ஆனால் தமிழ் ஆண்டை ஆங்கில ஆண்டாக மாற்றும்போது கவனம் வேண்டும். தாது ஆண்டு என்றால் எல்லாரும் 1936 என்று எழுதிவிடுகிறார்கள். அந்த ஆண்டு 1936 ஏப்ரலில் தொடங்கி 1937 ஏப்ரலில் முடிகிறது. தாது ஆண்டு தை மாதம் பிறந்தவர் 1937இல் பிறந்தவர். தை, மாசி, பங்குனியில் பிறந்தவர்கள் எல்லாருக்கும் இந்தப் பிழை நேர்கிறது. எப்படியும் உறுதியாகவில்லை என்றால் வயதை விட்டுவிடலாம், தவறாக எழுதுவதைவிட அது மேல்.

பெயரை எப்படி எழுத வேண்டும்?

தலைப்பெழுத்தோடு, அவர் தாமே கையெழுத்திட்டபடி எழுதுங்கள். தில்லி ஆவணங்களில் தலைப்பெழுத்தை விரித்து, தகப்பனார் பெயரைக் குடும்பப் பெயராக்கி வைத்திருப்பார்கள். அதனால் ஒரே மனிதர் அலுவலகத்தில் ஒரு பெயரிலும் கோயில் மலரில் வேறொரு பெயரிலும் இருப்பார். இரண்டையும் ஓரிடத்தில் குறித்துவிட்டால் பின்னால் தேடுகிறவருக்கு உதவும்.

பெண்களைப் பற்றி வரும் குறிப்புகள் எனக்கு மிகுந்த வருத்தம் தருபவை. "இன்னாரின் துணைவியார்" என்று கணவர் பெயரோடு தொடங்கி, மகன்கள், மருமகள்கள், பேரன்கள் பெயர்களோடு முடிந்துவிடும். நாற்பது ஆண்டுகள் நவராத்திரிக்குக் கொலு வைத்து, மொழி தெரியாமல் வந்த புது மணப்பெண்களுக்கு இந்தியில் காய்கறி வாங்கக் கற்றுக்கொடுத்த ஓர் அம்மையார் காலமானபோது, குடியிருப்பில் இருபது பேரைக் கேட்டேன். எல்லாருக்கும் அவர் "ரெண்டாவது மாடி மாமி". பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை. அவருடைய சி.ஜி.எச்.எஸ். (மத்திய அரசு மருத்துவத் திட்ட) அட்டையைப் பார்த்துத்தான் பெயரைப் போட்டோம். பெண்களுக்கு அவர்கள் பெயரே முதலில் வர வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

தகவல்களை எங்கே சரிபார்ப்பது?

வீட்டிலேயே பாதி இருக்கும். ஓய்வூதிய ஆணையில் பணியில் சேர்ந்த நாளும் ஓய்வு பெற்ற நாளும் உண்டு. கல்யாணப் பத்திரிகைகளைத் தூக்கி எறியாதீர்கள்; அவற்றில் அந்த ஆண்டில் குடியிருந்த குவார்ட்டர்ஸ் முகவரி அச்சாகியிருக்கும். கோயில் கும்பாபிஷேக மலர்கள், சபா ஆண்டு மலர்கள், பள்ளி ஆண்டு மலர்கள், 1946 முதல் இயங்கி வரும் தில்லித் தமிழ்ச் சங்கத்தின் மலர்கள் ஆகியவற்றில் செயற்குழு உறுப்பினர் பட்டியல் இருக்கும். "நிறுவனர்களில் ஒருவர்" என்று குடும்பத்தார் சொன்னால் முதல் ஆண்டு மலரைப் பார்க்காமல் நான் அச்சிடுவதில்லை. துக்கத்தில் சொல்லப்படும் பெருமைகள் கொஞ்சம் வளர்ந்துதான் வரும், அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் அச்சில் ஏறினால் அது வேறொருவருடைய உழைப்பை மறைத்துவிடும்.

இடப் பெயர்களில் கவனம் தேவை. பழைய கடிதங்களில் "விநய் நகர்" என்று இருப்பது இன்றைய சரோஜினி நகர்ப் பகுதி. சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்ட 2016இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. அதன் பின் அந்த ஒற்றை மாடி, இரட்டை மாடி வீடுகளும், வாசலில் இருந்த வேப்ப மரங்களும் பெரும்பாலும் போய்விட்டன. வீட்டு எண்ணைச் சொன்னால் இடத்தைக் காட்ட முடிந்த காலம் முடிந்தது. ஆகவே எந்தப் பள்ளிக்குப் பின்புறம், எந்த மார்க்கெட்டுக்கு எதிர்ப்புறம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

எழுதிவைக்கும் பழக்கமில்லாத குடும்பங்களுக்கு யார் எழுதுவது?

நாம்தான் எழுத வேண்டும். ஜங்புரா அருகே பாராபுலா வடிகால் ஓரத்தில் இருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1 அன்று இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 370 குடியிருப்புகள் அங்கே இருந்தன. அவர்களில் சுமார் பாதிப் பேருக்குத்தான் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீடு ஒதுக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து வந்து, சுற்றுவட்டாரத்து வீடுகளில் பாத்திரம் தேய்த்தும் சமைத்தும் பிள்ளைகளை வளர்த்தும் வாழ்ந்த பெண்கள் அங்கே தலைமுறைகளாக இருந்தார்கள். அவர்களிடம் ஆண்டு மலர் கிடையாது, ஓய்வூதிய ஆணை கிடையாது. ரேஷன் அட்டையும் பேச்சும்தான் உண்டு. இப்படிப்பட்டவர்களைப் பற்றி எழுதும்போது நேரில் சென்று, குறைந்தது இருவரிடம் தனித்தனியே கேட்டு, எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டிய பிறகே வெளியிடுகிறோம். "இதையெல்லாமா போடுவீங்க?" என்று அவர்கள் கேட்பார்கள். போடுகிறோம்.

இறப்புக்கான காரணத்தை எழுத வேண்டுமா?

குடும்பத்தார் விரும்பினால் மட்டும். தற்கொலையாக இருந்தால் முறையை ஒருபோதும் விவரிப்பதில்லை.

இறந்தவரின் குறைகளைச் சொல்லலாமா?

பொதுப்பணியைப் பாதித்தவற்றைச் சொல்லலாம், வீட்டு விவகாரங்களைக் கூடாது. ஒரு சபாவைப் பதினைந்து ஆண்டு நடத்தியவர், பிணக்கினால் அதை இரண்டாக உடைத்தவராகவும் இருக்கலாம். பிரிவு நடந்தது என்பதை ஆண்டோடு எழுதுகிறோம். யார் மேல் தவறு என்று எழுதுவதில்லை. முழுவதும் மறைத்தால், அந்தக் காலத்தை அறிந்தவர்கள் மற்ற வரிகளையும் நம்ப மாட்டார்கள்.

வடநாட்டு அண்டை வீட்டாருக்கு எப்படித் தெரிவிப்பது?

இந்தியில் நான்கு வரி எழுதி, மாடிப்படி அருகே ஒட்டுங்கள். பஞ்சாபியர்கள் நான்காம் நாள் நடக்கும் "சௌத்தா"வை எதிர்பார்த்து, அன்று மாலை எங்கே வர வேண்டும் என்று கேட்பார்கள். நம்மில் அது இல்லை என்பது அவர்களுக்குத் தெரியாது. அழைப்பு வராததால் ஒதுக்கிவிட்டார்கள் என்று வருந்தியவர்களை நான் கண்டிருக்கிறேன். எடுப்பதற்கு முன் வந்து பார்ப்பதே நம் வழக்கம் என்றும், பதின்மூன்றாம் நாளோ பதினாறாம் நாளோ வீட்டில் காரியம் உண்டு என்றும் எழுதிவிட்டால் போதும். நினைவுக் குறிப்பின் இந்திச் சுருக்கம் ஒன்றையும் அவர்களுக்குக் கொடுங்கள். இறந்தவரோடு தினமும் பூங்காவில் நடந்தவர்கள் அவர்கள். நமக்குத் தெரியாத செய்திகள் அவர்களிடம் இருக்கும்.

சாலைக்கோ பூங்காவுக்கோ பெயர் வைக்கச் சொல்லிக் கேட்கலாமா?

கேட்கலாம், ஆனால் அது பெரும்பாலும் தேசத் தலைவர்களுக்கே கிடைக்கிறது. தில்லியில் சுப்பிரமணிய பாரதி மார்க் இருக்கிறது, ராஜாஜி மார்க் இருக்கிறது, காமராஜர் பெயரிலும் சாலை உண்டு. அப்துல் கலாம் 2015 ஜூலை 27 அன்று ஷில்லாங்கில் மறைந்தார். அடுத்த மாதமே ஔரங்கசீப் சாலைக்கு அவர் பெயரை வைக்கப் புது தில்லி நகராட்சி மன்றம் முடிவெடுத்தது. இவற்றுள் என் மனத்துக்கு நெருக்கமானது பூசா பகுதியில் உள்ள டாக்டர் கே.எஸ். கிருஷ்ணன் மார்க். வத்திராயிருப்பில் பிறந்து, சி.வி. ராமனோடு ஆய்வு செய்து, தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்து, 1961இல் மறைந்தவர் அவர். அந்த ஆய்வகத்தின் முகவரியே அவர் பெயரில் இருக்கிறது. அங்கே வரும் ஒவ்வொரு கடிதத்தின் மேலும் அவர் பெயர் எழுதப்படுகிறது.

மற்றவர்களுக்கு, அவர் பணியாற்றிய பள்ளியில் ஒரு பரிசு ஏற்படுத்துவதையே நான் சொல்வேன். சிறிய தொகையானாலும் ஆண்டுதோறும் ஒரு பிள்ளை மேடையேறும்போது பெயர் உரக்கப் படிக்கப்படும்.

வெளியான குறிப்பில் பிழை இருந்தால் திருத்துவீர்களா?

அடுத்த இதழிலேயே, அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் திருத்துகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், குடியிருப்பில் தமிழ் நூலகம் ஒன்றைத் தொடங்கி நடத்தியவர் என்று ஒருவரைப் பற்றி எழுதினேன். இதழ் வந்த மூன்றாம் நாள், மயூர் விஹாரிலிருந்து ஒரு பெண் பேசினார். கோபமாகப் பேசவில்லை. "தொடங்கினது அவர்தான் சார். அவருக்கு மாற்றலானப்புறம் பதினோரு வருஷம் எங்க அம்மாதான் நடத்தினாங்க. வந்து பார்க்கிறீங்களா?" என்றார். போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியை இழுத்தார். அட்டை தைத்த நாவல்கள், வார இதழ்த் தொடர்களைக் கிழித்துக் கட்டிய தொகுப்புகள், மேலே ஒரு பால் கணக்கு நோட்டு. முன்பக்கத்திலிருந்து பால் கணக்கு; பின்பக்கத்தைத் திருப்பினால், யார் எந்தப் புத்தகம் எடுத்தார்கள், எப்போது திருப்பித் தந்தார்கள் என்று வரிவரியாகப் பென்சிலில் எழுதியிருந்தது. ஒன்பதாம் பக்கத்தில் என் அப்பாவின் பெயரும் இருந்தது.

அடுத்த இதழில் அந்த அம்மையாரின் பெயரைத் தலைப்பிலேயே வைத்து, நோட்டின் ஒரு பக்கத்தைப் படமாகச் சேர்த்து, முன்பு எழுதியது முழுமையற்றது என்று எழுதினோம்.